பின்னால ஆரு நிக்கறா?

மஞ்சள் விளக்கு. சிவப்பாக எரிந்திருந்தால் தேவலை, வண்டியை அணைத்துவிட்டு மேலே வீட்டுக்குப் போயிருக்கலாம். மஞ்சள் எரிந்தால் என்ன செய்வதென்று டிரைவிங் ஸ்கூலில் கூடச் சரியாகச் சொல்லித்தரவில்லை, "மெதுவாப் பாத்துப் போங்க மேடம்" என்றதோடு சரி. ரிவர்ஸ் கியர் போட்டால் வழக்கமாக ஒரு சின்ன டிங் வரும், வண்டியின் பின்பக்கம் முழித்துக்கொண்டேன் என்று சொல்வது போல. இன்றைக்கு அது வரவில்லை. வகுப்பில் யாரோ பெஞ்சைத் தரையோடு இழுக்கிற மாதிரி நீளமாக ஒரு சத்தம், அதற்கப்புறம் இந்த விளக்கு. குட்டியாக ஒரு காரின் முதுகு, அதிலிருந்து விசிறி போல மூன்று கோடு, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. பார்க்கிங் சென்சார். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி ரிவர்ஸ் போட்டேன், மறுபடி பெஞ்ச் இழுபட்டது. பின் சீட்டில் ஆதிரன் அவனுடைய குழந்தை நாற்காலியில் பெல்ட்டுக்குள் உட்கார்ந்து ரப்பர் யானையின் காதைக் கடித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பல்தான் முளைத்திருக்கிறது, யானைக்கு அதற்குள் ஒரு காது போய்விட்டது. கைக்குழந்தை நாற்காலியைப் பின்பக்கம் பார்க்கிற மாதிரித்தான் மாட்ட வேண்டுமாம், அதனால் இந்த வண்டியில் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவன்தான், அவனுக்குப் பேச வராது. எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் நின்றால் அதைத்தான் செய்வோம். அணைத்தேன், பத்து வரை எண்ணினேன், போட்டேன், ரிவர்ஸ். பெஞ்ச். விளக்கு. ஆதிரன் சிரிக்கிறான். அவனுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு நான் போயாக வேண்டும். கோபியிலிருந்து அத்தை பஸ் ஏறிவிட்டார், என் கணவன் சிபியின் அம்மா. "நானே காரெடுத்துட்டு வந்து கூட்டிட்டு வர்றேனுங்க அத்தை" என்று நேற்று போனில் சொன்னது நான்தான், யாரும் கேட்கவில்லை. "நீயா?" என்றார். "நானேதானுங்க." "பையன?" "அவனையும் கூட்டிட்டுத்தானுங்க." "செரி" என்றார், அந்தச் செரியில் ஒரு இழுப்பு இருந்தது. ஆயுத பூஜைக்கு வந்திருந்தபோது நான் அழுததை அவர் பார்த்துவிட்டார். சத்தம் கேட்கக் கூடாதென்று பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன், வாளி நிரம்பித் தண்ணி வீணாகிறதே என்றுதான் அவர் கதவைத் தட்டினார். திட்டவில்லை. பிரியமாகத்தான் சொன்னார், "பையன நாங் கூட்டிட்டுப் போயி ரெண்டு மாசம் வெச்சுக்கறன் அம்மணி. நீ வேலைக்குப் போ, வயிறாரச் சாப்புடு, நல்லாத் தூங்கு. தெளிஞ்ச பொறவு வந்து கூட்டிக்க." தெளிஞ்ச பொறவு. குடித்தவனுக்குச் சொல்கிற வார்த்தை அது, காத்துக்கருப்பு அடித்தவளுக்குச் சொல்கிற வார்த்தை, கலங்கின குட்டைக்குச் சொல்கிற வார்த்தை. சிபி பக்கத்தில் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம், ஹோட்டலில் கூட அப்படித்தான். வருகிற திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். காலையில் ஆதிரனை ஆபீஸ் பக்கத்துக் காப்பகத்தில் விட்டுவிட்டு உள்ளே போய், சாயங்காலம் எடுத்துக்கொண்டு வரவேண்டும், அதற்கு இந்த வண்டி வேண்டும், இந்த வண்டியை இந்தத் தூணுக்கும் அந்த வெள்ளைக் காருக்கும் நடுவிலிருந்து பின்னால் எடுக்க நான் வேண்டும். எடுத்துக்கொண்டுபோய் அத்தை முன்னால் நிறுத்திவிட்டால் பேச்சு முடிந்தது. எடுக்காவிட்டால் பையன் கோபிக்கு. சற்று முன்தான் போன் வந்தது, காற்று இரைச்சலோடு. "குன்னத்தூர் தாண்டிட்டங் கண்ணு. சன்னலோரம் எடம் கெடச்சிருச்சு. ரெண்டு பை கொண்டாறன், காலிப் பைதான், பையன் துணிமணியெல்லாம் போட்டுக்கலாம்னு."

காலிப் பை. எந்தப் பை என்று எனக்குத் தெரியும், ஜவுளிக்கடையில் கொடுத்த அந்தப் பச்சைப் பைகள், மடித்தால் உள்ளங்கை அளவு, விரித்தால் ஒரு ஆளே உள்ளே போகலாம். சரி, சென்சார் இல்லாமல் எடு. உலகத்தில் எல்லோரும் சென்சார் வைத்துக்கொண்டா எடுத்தார்கள். கண்ணாடியைப் பார், திரும்பிப் பார், எடு. திரும்பினால் ஆதிரனின் நாற்காலி முதுகு மறைக்கிறது. கண்ணாடியில் எதிர்ச் சுவர் தெரிகிறது, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் தரை தெரியவில்லை. தரையில்தான் எல்லாம் இருக்கும். பூனை இருக்கும், பந்து இருக்கும், பந்துக்குப் பின்னால் பந்துக்குச் சொந்தக்காரி இருப்பாள். பிரசவம் முடிந்து முதல் முறை வண்டி எடுத்த அன்று அப்படித்தான், டிங் டிங் டிங் என்று கத்தியது, எதற்குக் கத்துகிறது, ஒன்றுமில்லையே என்று நினைத்துக்கொண்டே காலை பிரேக்கில் வைத்தேன், வைத்துவிட்டு இறங்கினால் பம்பருக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடி இயலினி குனிந்து பந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது. என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க கார் என்னைத் திட்டுது" என்றாள். ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் அன்று பாத்ரூமில் அத்தையிடம் சொன்னேன், ஒன்றும் ஆகாததற்கு எதற்கு அழுகிறாய் என்று அவர் கேட்டார். இறங்கிப் பார்த்துவிடலாம். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன், வண்டி தானாகப் பூட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் கண்ணாடியையும் இறக்கிவிட்டேன், பின்னால் போனேன். தரை. காய்ந்த எண்ணெய்க் கறை. தூணோரம் இயலினியின் மூன்று சக்கர சைக்கிள், அதில் இயலினி இல்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன், யாருமில்லை. வந்து உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். சாத்துவதற்குள் யாராவது வந்திருந்தால்? சைக்கிள் இருக்கிறது, சைக்கிள்காரி எங்கே? மறுபடி இறங்கினேன். பின்னால் நின்று பார்த்தால் ஆதிரன் தெரியவில்லை, முன்னால் உட்கார்ந்து பார்த்தால் பின்பக்கம் தெரியவில்லை. அவனை நாற்காலியில் உட்கார வைத்துக் கொக்கி மாட்டினது நான்தான், டக் என்று சத்தம் கேட்டது, காதைக் கடிக்கிற சத்தமும் கேட்கிறது, ஆனாலும் பின்னால் நிற்கும்போது அவன் வண்டிக்குள் இல்லை, தரையில் எங்கேயோ தவழ்ந்துகொண்டிருக்கிறான் என்று ஒரு நிமிஷம் உடம்பு முழுக்க நம்புகிறது. முன்னால் ஓடுகிறேன். இருக்கிறான். அப்படியென்றால் பின்னால்?

வரதராஜன் அங்கிள் லிஃப்டுக்குப் போகிற வழியில் நின்றுவிட்டார். வெள்ளைக் கார் அவருடையது. பாங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் எல்லோரையும் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களாகத்தான் பார்ப்பார். "என்னம்மா மிருதுளா, பிரதட்சணமா?" என்றார். "இன்னும் எத்தனை சுத்து பாக்கி?" சென்சார் விளக்கு எரிகிறது அங்கிள் என்றேன். "சென்சார் வந்தப்புறம் யாருக்கும் கழுத்தே திரும்பறதில்லம்மா. நாங்க அந்தக் காலத்துல ஊட்டி மேல ரிவர்ஸ்லயே ஏறியிருக்கோம்." ஊட்டிக்கு எதற்கு ரிவர்ஸில் ஏற வேண்டும் என்று கேட்கவில்லை. "நான் எடுத்துத் தரட்டுமா? ரெண்டு நிமிஷம்." சாவி என் உள்ளங்கையில் வியர்த்துப்போய் இருந்தது. கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வண்டி வெளியே வந்துவிடும், இன்றைக்கு வந்துவிடும். திங்கட்கிழமை? செவ்வாய்க்கிழமை? தினமும் காலையில் அவர் வீட்டு மணியை அடித்து அங்கிள் ரிவர்ஸ் என்று நிற்கவா? "வேண்டாம் அங்கிள், நானே பாத்துக்கறேன்." "என் பெயின்ட் மேல கொஞ்சம் கருணை வை" என்று சொல்லிவிட்டுப் போனார். லிஃப்ட் கதவு சாத்துகிற வரை சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். முகத்தில் சிரிப்பை எங்கே வைப்பதென்று எங்கள் கான்வென்ட்டில் நன்றாகச் சொல்லித்தருவார்கள்.

கான்வென்ட்டில் இன்னொன்றும் சொல்லித்தந்தார்கள். இரண்டாம் வகுப்பு சிஸ்டர் ஜசிந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஒரு காவல் சம்மனசு, ஏஞ்சல், நிற்கிறது என்றார், ராத்திரியும் பகலும், தூங்காமல். பெஞ்ச்சில் உட்காரும்போது அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு உட்காருங்கள் என்றார். நான் இந்துப் பெண், எனக்கும் உண்டா என்று கேட்டேன். சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு உண்டு என்றார். யோசித்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வருஷம் முழுக்க அரை பெஞ்ச்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஷம்ஷாத், "உன் ஏஞ்சல் என் ஜாமெட்ரி பாக்ஸ் மேல உக்காந்திருக்கு, எந்திரிக்கச் சொல்லு" என்பாள். வகுப்புச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது, உடைந்த பலகைப் பாலத்தில் இரண்டு குழந்தைகள், பின்னால் பெரிய சிறகோடு அது. குழந்தைகள் அதைப் பார்ப்பதே இல்லை. முன்னால் பார்த்து நடக்கிறார்கள். பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியம். இந்தக் காரை வாங்கப் போனபோது, விற்கிற பையன் பின் பம்பரைத் தடவிக்காட்டி, "பின்னாடி நாலு சென்சார் மேடம், நீங்க பாக்கவே வேண்டாம், அதுவே பாத்துக்கும்" என்றான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மாடல் வேண்டும் என்று சிபியிடம் அடம்பிடித்தேன். என்ன காரணம் என்று கேட்டான், கலர் என்றேன். செங்கல் சிவப்பு.

"அவினாசி வந்தாச்சு" என்று மறுபடி போனில் அத்தை. "பஸ்ஸுல பாட்டுப் போட்டு மண்டையக் கொடையறான். கெளம்பிட்டியா?" "கெளம்பிட்டே இருக்கேனுங்க." பொய்யில்லை, கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறேன். சிபிக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலையில் அவனுக்கு வேலை. பத்து நாள் அங்கே, நாலு நாள் இங்கே. மேலே ஏறும்போது போனைக் கீழே ஜீப்பில் வைத்துவிட வேண்டும், மத்தியானமே மெசேஜ் அனுப்பியிருந்தான், ஏறுகிறேன், இறங்கினதும் கூப்பிடுகிறேன் என்று. இருந்தாலும் அடிக்கிறேன், ஜீப்பில் ஒரு போன் தனியாக அடித்து ஓய்கிறது. முன் டப்பாவைத் திறந்து வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்தேன், இதுவரை யாரும் பிரிக்காத புத்தகம், பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. விளக்குப் படங்களில் என் விளக்கைக் கண்டுபிடித்தேன். ரிவர்ஸ் கியரில் மட்டுமே சோதித்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது, அதனால்தான் முன்னால் ஓட்டும்போது தெரியாது. சென்சார் முகப்பில் சேறு, பனி, உறைபனி படிந்திருந்தால் மெல்லிய துணியால் துடைக்கவும் என்று போட்டிருந்தது. பனி. கோயமுத்தூரில். ராத்திரி இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. அப்போது உண்மையாகவே, பனியா, என்று யோசித்தேன். பிறகுதான் உறைத்தது, இவ்வளவு நேரம் பின்னால் போய்ப் போய்த் தரையைப் பார்த்தேனே தவிர வண்டியின் முதுகை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

போன் டார்ச்சை அடித்துக்கொண்டு குந்தினேன். பம்பரில் வரிசையாக நாலு வட்டம், எட்டணாவை விடக் கொஞ்சம் பெரிது. நாலு வட்டத்தின் மேலும் நாலு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அவ்வளவு சரியாக நடுவில். காய்ந்து வெடித்து, சிவப்பு வண்டியில் குங்குமம் தெரியாமல், தூசி விழுந்து சந்தனமும் சேறு மாதிரி ஆகி. ஆயுத பூஜை. வாசல் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அத்தை கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு சுற்றி வந்தது ஞாபகம் வந்தது. ஆதிரன் பூசணிக்காயைப் பார்த்து அழுகிறான் என்று நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். முன்கண்ணாடிக்கு வைத்தார், விளக்குகளுக்கு வைத்தார், டயருக்கு வைத்தார், பின்பக்கம் வந்ததும் ஒரு கை தட்டினார், "பாருடா சிபி, பொட்டு வெக்கறதுக்குன்னே வட்டம் போட்டுக் குடுத்திருக்கறான் பாரு கம்பெனிக்காரன். நம்மூர்க்காரனாத்தான் இருப்பான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது சென்சார் என்று யாருக்கும் தோன்றவில்லை. தினமும் காற்றாலையில் சென்சாரோடு மல்லுக்கட்டுகிற சிபிக்கே தோன்றவில்லை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு முன்னால் போய், அப்படியே சுற்றி முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து நிறுத்தினான், ரிவர்ஸே போடவில்லை. மறுநாள் ஆரல்வாய்மொழிக்குப் போய்விட்டான். அத்தனை நாளும் நாலு கண்ணையும் மூடிக்கொண்டு வண்டி நின்றிருக்கிறது, நல்லது நடக்கட்டும் என்று.

தெரிந்துவிட்டது, துடைத்தால் முடிந்தது. ஆதிரனின் ஈர டிஷ்யூ எடுத்து வந்தேன், முதல் வட்டத்துக்கு நேரே கொண்டுபோனேன், கை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை. சிபி மேலே இருக்கிறான், தொண்ணூறு மீட்டர் உயரத்தில் காற்றில். இந்த நேரத்தில் நான் இங்கே குந்திக்கொண்டு குங்குமத்தை அழிக்கிறேன். முட்டாள்தனம். எத்தனை வருஷம் அழித்திருக்கிறேன். ஸ்கூலில் பொட்டுக் கூடாது, அம்மா தினமும் காலையில் வைத்துவிடுவாள், கேட்டுக்குள் நுழையும் முன்னால் கைக்குட்டையால் அழுத்தித் துடைப்பேன், சாயங்காலம் பஸ்ஸில் ஷம்ஷாத்தின் கண்ணாடியைக் கடன் வாங்கி மறுபடி வைத்துக்கொள்வேன். ஒன்றும் ஆகவில்லை. அப்பா வடவள்ளியில் நன்றாக இருக்கிறார், காலையில் நடக்கிறார், மிக்சர் தின்கிறார். ஆனால் அது என் நெற்றி, என் பொட்டு. இது அத்தை வைத்தது. பேரனுக்கும் மகனுக்கும் எதுவும் வரக்கூடாதென்று வைத்தது. அதை நான் தொட்டு அழித்து, அவன் கால் அங்கே ஒரு படி தவறினால், பிறகு யார் சொன்னாலும், விஞ்ஞானமே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாலும், நான் நம்பப் போவதில்லை. துடைக்காமல் எடுத்தால் பின்னால் தெரியாது. பின்னால் தெரியாமல் எடுத்தால் இயலினி. துடைத்தால் சிபி. எடுக்காவிட்டால் ஆதிரன். டிஷ்யூவிலிருந்து சொட்டுத் தண்ணீர் முழங்காலில் விழுகிறது. எந்தப் பக்கம் போனாலும் ஒருவரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, கணக்கு அப்படித்தான் வருகிறது, கணக்கு தப்பு என்று எனக்குத் தெரிகிறது, எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் சிபி, காற்றாலை ஏறும்போது கட்டுகிற பாதுகாப்பு பெல்ட்டை வீட்டுக்குள்ளேயே கட்டிக்காட்டினான். இடுப்பிலிருந்து இரண்டு கயிறு, இரண்டு கயிற்றிலும் ஒவ்வொரு கொக்கி. ஏன் இரண்டு என்று கேட்டேன். கட்டில் கம்பியில் ஒரு கொக்கியை மாட்டினான், அதற்கு மேல் இரண்டாவதை மாட்டினான், அப்புறம்தான் முதல் கொக்கியைக் கழற்றினான். "இதுதான் ரூல். ஒண்ண மாட்டாம இன்னொண்ண எடுக்கவே கூடாது. எந்த நேரமும் எங்கயோ ஒண்ணு பிடிச்சிட்டிருக்கணும். அவ்வளவுதான், பயமெல்லாம் இல்ல." கட்டிலில் ஏறி நின்று கொக்கி மாற்றி மாற்றி அலமாரி வரை போனான், நான் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஒண்ண மாட்டாம இன்னொண்ண எடுக்கக் கூடாது. ஆதிரனின் பாட்டிலில் மிச்சமிருந்த வெந்நீரை விரல் நுனியில் தொட்டு முதல் பொட்டில் வைத்தேன். காய்ந்த குங்குமம் இளகி விரலுக்கு வந்தது. அதை வட்டத்துக்கு ஒரு சாண் மேலே, டிக்கிக் கதவில் வைத்தேன். சந்தனமும் கொஞ்சம் வந்தது, அதையும். மேலே ஒரு பொட்டு இருக்கிறது. இப்போது கீழே இருப்பதைத் துடைத்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அழிக்கவில்லை, மாற்றித்தான் வைத்திருக்கிறேன். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது வட்டத்தில் சந்தனம் ஓரத்து இடுக்கில் இறங்கி இறுகியிருந்தது, ஆதிரனுக்குக் காது துடைக்கிற பஞ்சுக் குச்சியால் நோண்டி எடுத்தேன். டிஷ்யூ முழுக்கச் சிவப்பு. அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே போய் உட்கார்ந்தேன், எஞ்சின், ரிவர்ஸ். டிங். விளக்கு இல்லை.

விளக்கு இல்லை, கால் பிரேக்கை விட்டு எழவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. விளக்கு எரிகிற வரை பயத்துக்கு உட்கார ஓர் இடம் இருந்தது, அந்த மஞ்சள் ஆச்சரியக்குறிக்குப் பக்கத்தில். இப்போது அங்கே கறுப்பாக இருக்கிறது. வண்டி சரியாகிவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிற வண்டிக்குள் நான் மட்டும் மிச்சம். டிங் என்றது நிஜமா, நாலு கண்ணும் திறந்துவிட்டதா, மூன்றுதானா, திறக்காத அந்த ஒன்றின் பக்கம்தான் சைக்கிள் இருக்கிறதா. இறங்கிப் பார்க்கலாம். இறங்கினால் இன்றைக்கு முழுக்க இறங்கிக்கொண்டே இருப்பேன். ஆதிரன் யானையைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தான். போன் அடித்தது, வண்டியின் ஸ்பீக்கரில் அத்தையின் குரல் பெரிதாக வந்தது. அவன் அழுகையை நிறுத்திவிட்டு எங்கே எங்கே என்று பார்த்தான்.

"ஹோப்ஸ் ஸ்டாப்பு வந்துருச்சு, இன்னங் கொஞ்ச தூரந்தான். எங்க இருக்கற?" கிளம்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "பார்க்கிங்லதானுங்க அத்தை இருக்கேன்" என்று வந்தது. "அங்கியே?" "அங்கியேதானுங்க. வண்டியப் பின்னால எடுக்கப் பயமா இருக்குது." பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தமா, தெளியவில்லை என்று அர்த்தமா, மகனுக்கு அம்மாவிடமிருந்துதான் இந்தப் பழக்கமா. சொல்வதென்று ஆகிவிட்டது, மிச்சத்தையும் சொல்லிவிடலாம். "அத்தை, ஆயுத பூஜைக்கு வண்டிப் பின்னால நீங்க பொட்டு வெச்சீங்கல்லங்க, அந்த நாலு வட்டம், அது வண்டிக்குக் கண்ணுங்க அத்தை. சென்சாரு. பொட்டு மறைச்சு வேலை செய்யல. அதனால அதத் தொடச்சுட்டேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா. அவரு வேற மேல இருக்காரு. மேல தள்ளி வேற பொட்டு வெச்சுட்டுத்தான் தொடச்சேன்..." மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம் யாரிடமோ, "பாட்டச் சித்த கொறையப்பா, புள்ள பேசுது" என்றார். பாட்டு குறைந்தது. "இதுக்கா தேம்பற? மூஞ்சி கழுவுனாப் பொட்டுப் போகாதா? போச்சுன்னா மறுக்கா வெச்சுக்கறது. கண்ணுலயே கொண்டி அப்பி வெச்சிருக்கறன் பாரு, எம் புத்தி. அவங்கிட்டச் சொல்லீராத, ஊரு பூராச் சொல்லிச் சிரிப்பான்." கொஞ்சம் விட்டு, "பின்னால ஆரு நிக்கறா?" என்றார். "ஆருமில்லைங்க." "பாத்தியா?" "பாத்தேனுங்க. நெறைய வாட்டி." "ஒருவாட்டி பாத்தாப் போதும். எடு. நாஞ் சொல்றன்." "நீங்க பஸ்ஸுல இருக்கறீங்க அத்தை." "காது இங்கதான இருக்குது? எடு அம்மணி. வரட்டும்."

காலைத் தூக்கினேன். வண்டி தானாக நகர்ந்தது. டிங், டிங். "அதென்ன கீங்கீங்னு?" "அதுதானுங்க கண்ணு. கிட்ட எதாச்சும் வந்தாக் கத்தும். இப்பத் தூணு." "மெதுவாத்தான் கத்துது. வரட்டும். வரட்டும்." பஸ்ஸில் யாரோ சிரிக்கிற சத்தம், "ஏனுங்க்கா, ஆருக்குங்க சைடு சொல்றீங்க?" என்று ஓர் ஆள் கேட்க, "எம் மருமக காரெடுக்குது, நீ சும்மா இரு" என்றார். நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். தூண் கண்ணாடியில் வந்து போனது. வெள்ளைக் காரின் மூக்கு வந்து போனது, பெயின்ட் மேல் கருணை வைத்தேன். டிங் டிங் டிங் டிங் என்று நெருக்கமாக ஆரம்பித்தது, எதிர்ச் சுவர்தான், எதிர்ச் சுவர் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு பந்து, ஒரு முதுகு, "போதும் போதும் போதும், நிறுத்து" என்று ஸ்பீக்கர் கத்தியது, நான் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தேன். இரண்டு பேரும் ஒரே சத்தத்தைக் கேட்டிருக்கிறோம். அவர் ஹோப்ஸ் சிக்னலில், நான் இங்கே. "இப்ப முன்னால எடு" என்றார். "முன்னால உனக்கே தெரியுமல்ல?" தெரியும். முன்னால் எனக்கே தெரியும். வெளியே ஏறுகிற சரிவில் வெயிலில் கண் கூசியது, கேட்டுக்குப் பக்கத்தில் இயலினி அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸ் தின்றுகொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் நிறுத்த முடியாது, போலீஸ்காரர் தட்டிக்கொண்டே இருப்பார், ஓரமாக உருட்டிக்கொண்டு போனேன். அத்தை என்னை முன்பே பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். இடுப்பில் ஒரு கூடை, அக்குளில் பச்சைப் பைகள் இரண்டும், மடித்தபடி. முன் கதவைத் திறந்துவிட்டேன், அவர் அதைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறி ஆதிரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தரையில் கிடந்த யானையை எடுத்து முந்தானையில் துடைத்து அவனிடம் கொடுத்தார். "ஒரு காதக் காணமே சாமி, தின்னுட்டியா?" நான் பைகளைப் பார்த்தேன், கண்ணாடியில் அவர் என்னைப் பார்ப்பதைப் பார்த்தேன், சாலையைப் பார்த்தேன். பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது, எடுத்தேன். சிபி இறங்கிவிட்டானா என்று கேட்டார். இன்னும் கூப்பிடவில்லை என்றேன். "எறங்குவான்" என்றார். ஒரு சிக்னலில் நின்றேன். இப்போது சொல்வார், இந்தச் சிக்னலில் சொல்வார், துணியெல்லாம் எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்பார், நான் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் இருந்தபோது யோசித்து வைத்திருந்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. பின் சீட்டில் பிளாஸ்டிக் பை விரிகிற சத்தம் சடசடவென்று கேட்டது.

"வழியில காய்க்கடை இருந்தா நிறுத்து அம்மணி" என்றார். "பை ரெண்டும் சும்மாதான கெடக்குது. திங்கக்கெழம நீ வேலைக்குப் போனா வாரத்துக்குக் காயி வேண்டாமா?" எங்கள் வீட்டுப் பக்கம், ராமநாதபுரம் சிக்னலில் திரும்புவதற்கு முன்னால் ஒரு கடை இருந்தது. அதன் முன்னால் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஓர் இடம் இருந்தது, சின்ன இடம், பின்னால்தான் விட வேண்டும். ரிவர்ஸ் போட்டேன். டிங் என்றது. அத்தை கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.